ஓர் அலைவு எங்கே முடிகிறது? தனிச்சீரிசை இயக்கத்தில் அலைவுகளை எண்ணும் கணக்கு

சுருள்வில்லின் முனையில் ஒரு குண்டு தொங்குகிறது. அதைச் சற்றுக் கீழே இழுத்து விடுகிறோம். ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை ஆடும்? தனிச்சீரிசை இயக்கம் என்ற பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. விடைக்குத் தேவையான கணிதம் ஒரே ஒரு வகுத்தல். இருந்தும் விடை சில நேரம் இருமடங்காக வருகிறது, சில நேரம் பாதியாக வருகிறது, சில நேரம் ஆறு மடங்குக்கும் மேலாக வருகிறது. வகுக்கத் தெரியாமல் யாரும் தவறுவதில்லை. எதை ‘ஒன்று’ என்று எண்ணுவது என்பதில்தான் சறுக்குகிறார்கள். ஆகவே சூத்திரத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அந்த ‘ஒன்றை’ முதலில் பிடித்துக்கொள்வோம்.

குண்டு அசையாமல் தொங்கும் இடம் நடுநிலை. கீழே இழுத்துப் பிடித்த இடம் ஒரு முனை. விட்டதும் அது நடுநிலையைக் கடந்து மேலே போகிறது, மேல் முனையில் ஒரு கணம் நிற்கிறது, திரும்புகிறது, மறுபடி நடுநிலையைக் கடந்து கீழ் முனைக்கே வந்து சேர்கிறது. இது ஒரு முழு அலைவு. இதற்கு ஆகும் நேரமே அலைவு நேரம். நடுநிலையிலிருந்து முனை வரையுள்ள தொலைவு வீச்சு. ஒரு விநாடியில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கை அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ்.

இப்போது எண்ணுவதை முனையில் தொடங்காமல் நடுநிலையில் தொடங்குங்கள். குண்டு நடுநிலையைக் கடந்து மேலே போகும்போது ‘தொடக்கம்’ என்கிறீர்கள். அது மேல் முனையைத் தொட்டுவிட்டு நடுநிலைக்குத் திரும்புகிறது. ஓர் அலைவு முடிந்துவிட்டதா? முடியவில்லை. இடம் அதேதான், ஆனால் குண்டு இப்போது கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. தொடங்கிய கணத்தில் அது எங்கே இருந்ததோ அங்கேயே இருக்க வேண்டும், எந்தத் திசையில் போனதோ அதே திசையில் போக வேண்டும். இரண்டும் ஒருசேரத் திரும்பும்போதுதான் ஓர் அலைவு நிறைவுபெறுகிறது. முனைகளைத் தவிர மற்ற எந்தப் புள்ளியையும் குண்டு ஓர் அலைவில் இரண்டு முறை கடக்கிறது, ஒவ்வொரு திசையிலும் ஒரு முறை. ‘இருமடங்கு’ விடைகள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன.

இது வரையறைப் பிடிவாதம் அன்று. கடிகாரத் தொழிலில் வெகுகாலமாக ஊசலின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கான பாதி ஆட்டத்தையே ஒன்றாக எண்ணினார்கள். ‘விநாடி ஊசல்’ எனப்படும் ஊசலின் அலைவு நேரம் 2 விநாடி. நீளம் ஏறக்குறைய 99.4 சென்டிமீட்டர். அதன் ஒவ்வொரு பாதி ஆட்டமும் ஒரு விநாடி. ஆகவே அதே ஊசல் ஒரு நாளில் 86,400 முறை ‘டிக்’ என்று ஒலிக்கும். ஆனால் 43,200 முழு அலைவுகளே நிகழ்த்தும். இரண்டு எண்களும் சரியானவை. கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்க்காமல் எழுதினால்தான் ஒன்று தவறாகிறது.

ஓர் அலைவு எது என்று தெளிந்துவிட்டால் அடிப்படைக் கணக்கு ஒரே வரி:

அலைவுகளின் எண்ணிக்கை = மொத்த நேரம் ÷ அலைவு நேரம்

அதிர்வெண் தெரிந்திருந்தால் அதை மொத்த நேரத்தால் பெருக்கினால் போதும். அலைவு நேரம் 0.8 விநாடி என்றால் 10 விநாடியில் 12.5 அலைவுகள். இவ்வளவுதான். மீதிப் பாடம் முழுவதும் அந்த அலைவு நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றியது.

வட்டத்திலிருந்து வரும் 6.2832

ஒரு வட்டத்தட்டின் விளிம்பில் சிறு குமிழ் ஒன்றைப் பொருத்தி, தட்டை நிலைக்குத்தாக நிறுத்தி, மாறாத வேகத்தில் சுழற்றுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சினால் எதிரே உள்ள சுவரில் குமிழின் நிழல் மேலும் கீழுமாகப் போய் வரும். நடுவில் வேகமாகவும், முனைகளை நெருங்க நெருங்க மெதுவாகவும், முனையில் ஒரு கணம் நின்றும். சுருள்வில்லில் ஆடும் குண்டின் இயக்கமும் அந்த நிழலின் இயக்கமும் அணுவளவும் வேறுபடுவதில்லை. தனிச்சீரிசை இயக்கம் என்றால் சீரான வட்ட இயக்கத்தின் நிழல் என்றே புரிந்துகொள்ளலாம். பாடத்தின் மிக அழகான இடம் இது என்பேன். இதைக் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டவருக்குச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யும் வேலை பாதியாகக் குறையும்.

தட்டு ஒரு முறை சுற்றினால் நிழல் ஓர் அலைவை முடிக்கிறது. ஒரு முழுச் சுற்று என்பது 360 பாகை. ரேடியன் அளவில் 2 × பை, அதாவது 6.2832. தட்டு விநாடிக்கு எத்தனை ரேடியன் திரும்புகிறது என்பதுதான் கோண அதிர்வெண். இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் இரண்டாவது வரி:

அலைவுகளின் எண்ணிக்கை = கோண அதிர்வெண் × மொத்த நேரம் ÷ 6.2832

மொத்தமாகத் திரும்பிய கோணத்தை ஒரு சுற்றின் கோணத்தால் வகுக்கிறோம், வேறொன்றும் இல்லை. ஆறு மடங்குப் பிழை எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கே தெரிந்துவிடுகிறது. ‘இடப்பெயர்ச்சி = 5 செமீ × கொசைன் (12 × நேரம்)’ என்று ஒரு சமன்பாடு கொடுத்தால், அதிலுள்ள 12 கோண அதிர்வெண். அதை விநாடிக்கு 12 அலைவுகள் என்று படித்துவிட்டால் 10 விநாடிக்கு 120 அலைவுகள் என்று வரும். உண்மையில் 120 என்பது ரேடியன். 6.2832ஆல் வகுத்தால் 19.0986 அலைவுகள்.

இதே கணக்கை இன்னும் ஓர் அடி கொண்டு போகலாம். 10ஆவது விநாடியில் குண்டு எங்கே இருக்கிறது? முடிந்துபோன 19 அலைவுகளைத் தூக்கி எறிந்துவிடலாம். அவை ஒவ்வொன்றின் முடிவிலும் குண்டு தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. மிஞ்சியிருப்பது 0.0986 அலைவு. அதை 360ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 35.5 பாகை. அதன் கொசைன் 0.814. ஆகவே குண்டு நடுநிலையிலிருந்து 4.07 சென்டிமீட்டரில், நடுநிலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. இங்கே ஒரு கண்ணி உண்டு. கணிப்பானைப் பாகை அளவில் வைத்துக்கொண்டு 120க்குக் கொசைன் பார்த்தால் அது அழகாக −0.5 என்று காட்டும், விடை −2.5 சென்டிமீட்டர் என்று வரும். எண் நேர்த்தியாக இருப்பதால் சந்தேகமே எழாது. நேர்த்தியான எண்ணைக் கண்டால் ஒரு முறை கணிப்பானின் அளவு முறையைப் பார்த்துவிடுங்கள்.

சமன்பாட்டில் 12 × நேரம் என்பதோடு 0.5 என்றோ வேறோர் எண்ணோ கூட்டப்பட்டிருந்தால், அது ஆரம்பக் கட்டம். குண்டு எந்த இடத்திலிருந்து புறப்பட்டது என்பதை மட்டும் அது சொல்கிறது. அலைவுகளின் எண்ணிக்கையை அது தொடவே தொடாது.

சுருள்வில்லும் ஒரு விடாக்கண்டனான எண்ணும்

சுருள்வில்லை எவ்வளவு இழுக்கிறோமோ அதற்கு நேர்விகிதத்தில் அது திருப்பி இழுக்கிறது. இராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இது. ஒரு மீட்டர் நீட்டத் தேவையான விசையைச் சுருள்மாறிலி என்கிறோம். அதைக் குண்டின் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கோண அதிர்வெண் கிடைக்கும்.

கோண அதிர்வெண் = √(சுருள்மாறிலி ÷ நிறை)

இந்தச் சூத்திரத்தில் வீச்சு இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு சென்டிமீட்டர் இழுத்து விட்டாலும் நான்கு சென்டிமீட்டர் இழுத்து விட்டாலும் ஒரு நிமிடத்துக்கு அதே எண்ணிக்கைதான். போக வேண்டிய தொலைவு இருமடங்கானால் மீள்விசையும் இருமடங்காகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் வேகமும் இருமடங்காகிறது, நேரம் மாறுவதில்லை. விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதமாக இருப்பதன் நேரடி விளைவு இது. ‘வீச்சு 3 செமீ’ என்று கேள்வியில் கொடுத்திருப்பார்கள். எண்ணிக்கை மட்டும் கேட்டால் அந்த எண்ணைத் தொட வேண்டியதே இல்லை.

ஒரு கணக்கை முழுவதுமாகச் செய்து பார்ப்போம். சுருள்மாறிலி மீட்டருக்கு 200 நியூட்டன். நிறை 0.5 கிலோகிராம். 60 விநாடியில் எத்தனை முழு அலைவுகள்?

200 ÷ 0.5 = 400. வர்க்கமூலம் 20. ஆகவே கோண அதிர்வெண் விநாடிக்கு 20 ரேடியன். 60 விநாடியில் 1,200 ரேடியன். வகுக்க வேண்டியது மட்டுமே பாக்கி.

பையை 3.14 என்று வைத்தால் 1,200 ÷ 6.28 = 191.08. விடை: 191 முழு அலைவுகள். பையை 3.1416 என்று வைத்தால் 1,200 ÷ 6.2832 = 190.99. விடை: 190 முழு அலைவுகள். அலைவு நேரத்தைத் தனியே கணக்கிட்டு 0.31 விநாடி என்று சுருக்கிக்கொண்டால் 60 ÷ 0.31 = 193.5. விடை: 193.

ஒரே குண்டு, ஒரே சுருள், மூன்று விடைகள். சரியானது 190. 191ஆவது அலைவு முடிய இன்னும் 0.0044 விநாடி தேவை. மணி அடிக்கும்போது குண்டு கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் வந்து சேரவில்லை. முழு அலைவுகளைக் கேட்டால் தசமப் பகுதியை வெட்டிவிட வேண்டும், அருகிலுள்ள முழு எண்ணுக்கு உயர்த்தக் கூடாது. இடையில் எதையும் சுருக்காமல், கடைசி வகுத்தலை மட்டும் நல்ல துல்லியத்தோடு செய்ய வேண்டும். ஓர் அலைவில் வரும் சிறு பிழை நூற்றுத் தொண்ணூறு அலைவுகளில் நூற்றுத் தொண்ணூறு மடங்காகப் பெருகி நிற்கும்.

சில கேள்விகள் சுருள்மாறிலியையும் நிறையையும் தராமல் ஒளித்து வைக்கும். அப்போதும் தேட வேண்டியது கோண அதிர்வெண்ணைத்தான். உச்ச வேகமும் வீச்சும் தந்தால் முன்னதைப் பின்னதால் வகுக்கலாம்: விநாடிக்கு 0.5 மீட்டர் உச்ச வேகம், 0.1 மீட்டர் வீச்சு என்றால் கோண அதிர்வெண் 5. உச்ச முடுக்கமும் உச்ச வேகமும் தந்தால் அங்கேயும் வகுத்தல்தான். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. குண்டைத் தொங்கவிட்டதும் சுருள்வில் 9.8 சென்டிமீட்டர் நீண்டு நிற்கிறது என்று மட்டும் சொல்வார்கள். நிறையும் தெரியாது, சுருள்மாறிலியும் தெரியாது. கணக்கே போட முடியாது என்று தோன்றும். ஆனால் அசையாமல் தொங்கும்போது குண்டின் எடையும் சுருளின் இழுவிசையும் சமம் என்பதால், சுருள்மாறிலியை நிறையால் வகுத்து வரும் மதிப்பும், புவியீர்ப்பு முடுக்கத்தை அந்த நீட்சியால் வகுத்து வரும் மதிப்பும் ஒன்றே. 9.8 ÷ 0.098 = 100. கோண அதிர்வெண் 10. ஒரு நிமிடத்தில் 600 ÷ 6.2832 = 95.49 அலைவுகள். ஓர் அளவுகோல் மட்டும் கையில் இருந்தால் குண்டை ஆடவிடாமலேயே அதன் அலைவு எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம்.

ஊசல்

நூலில் கட்டிய சிறு குண்டு, அதாவது தனி ஊசல், சிறிய கோணத்தில் ஆடும்போது தனிச்சீரிசை இயக்கமாகவே நடந்துகொள்கிறது. இங்கே குண்டின் நிறை விடைபெற்றுவிடுகிறது. நூலின் நீளமும் புவியீர்ப்பு முடுக்கமும் மட்டுமே மிஞ்சுகின்றன.

அலைவு நேரம் = 6.2832 × √(நீளம் ÷ புவியீர்ப்பு முடுக்கம்)

நீளம் என்பது நூலைக் கட்டிய புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. நூலின் நீளம் மட்டும் அன்று. 1 மீட்டர் ஊசலின் அலைவு நேரம் 2.007 விநாடி. ஒரு மணி நேரத்தில் 1,793 முழு அலைவுகள். அதே ஊசலை நிலவுக்குக் கொண்டுபோனால் அங்கே ஈர்ப்பு முடுக்கம் 1.62 மட்டுமே என்பதால் அலைவு நேரம் 4.94 விநாடியாக நீளும்; மணிக்கு 729 அலைவுகளே நிகழும். முந்தைய சுருள்வில் கணக்கில் நிலவும் பூமியும் ஒன்றுதான், ஏனெனில் அந்தச் சூத்திரத்தில் ஈர்ப்பு இல்லை. நீட்சியை வைத்துப் போட்ட கணக்கிலும் அப்படியே: நிலவில் எடை குறைவதால் சுருளின் நீட்சியும் அதே விகிதத்தில் குறைந்து, 100 என்ற அந்த மதிப்பு அசையாமல் நிற்கும்.

ஊசலின் அலைவு நேரம் வீச்சைப் பொறுத்ததன்று என்று கலிலியோ 1602இல் ஒரு கடிதத்தில் வாதிட்டார். 1656இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். கலிலியோவின் கூற்று சிறிய கோணங்களுக்குத்தான் சரி. நூல் செங்குத்திலிருந்து 10 பாகை வரை விலகி ஆடினால் அலைவு நேரம் 0.2 சதவீதம் கூடுகிறது. 30 பாகையில் 1.7 சதவீதம், 60 பாகையில் 7.3 சதவீதம். நம் 1 மீட்டர் ஊசலை 30 பாகையில் ஆடவிட்டு, அந்தக் கோணம் குறையாமல் பார்த்துக்கொண்டால் மணிக்கு 1,793க்குப் பதில் 1,762 முழு அலைவுகளோடு நின்றுவிடும். ‘சிறிய கோணம்’ என்று பாடநூலில் வரும் சொற்றொடரை அலங்காரமாக நினைத்துத் தாண்டிப் போகிறவர்களுக்கு இந்த 31 அலைவுகள் கணக்கில் இடிக்கும்.

நீளத்தை நான்கு மடங்காக்கினால் அலைவு நேரம் இருமடங்காகும், எண்ணிக்கை பாதியாகும். வர்க்கமூலத்தின் வேலை அது. இதை வைத்து வரும் ஒரு கேள்வியை மட்டும் பார்த்துவிடலாம். 100 சென்டிமீட்டர் ஊசலும் 121 சென்டிமீட்டர் ஊசலும் ஒரே கணத்தில் ஒரே பக்க முனையிலிருந்து புறப்படுகின்றன. மறுபடி எப்போது இரண்டும் ஒருசேரத் தொடங்கிய முனைக்கு வரும்? அலைவு நேரங்களின் விகிதம் √100க்கு √121, அதாவது 10க்கு 11. குட்டை ஊசல் 11 அலைவுகளை முடிக்கும் நேரத்தில் நெட்டை ஊசல் 10 அலைவுகளை முடித்திருக்கும். விடை: குட்டை ஊசலின் 11 அலைவுகளுக்குப் பிறகு. ஈர்ப்பு முடுக்கம் தேவைப்படவே இல்லை.

முழுமையடையாத அலைவுகள்

கால் அலைவு, அரை அலைவு என்று வரும்போது ஒரு மயக்கம் வருகிறது: தொலைவையும் நேரத்தையும் நேர்விகிதமாக நினைத்துக்கொள்வது. ஓர் அலைவில் குண்டு கடக்கும் பாதை வீச்சைப் போல் நான்கு மடங்கு. வீச்சு 6 சென்டிமீட்டர் என்றால் ஓர் அலைவுக்கு 24 சென்டிமீட்டர்; 3 மீட்டர் கடந்திருந்தால் 300 ÷ 24 = 12.5 அலைவுகள். விடை சரி. அரை அலைவு எங்கே தொடங்கினாலும் இரண்டு வீச்சுத் தொலைவுதான், ஆகவே இங்கே ஆபத்து இல்லை.

அரை அலைவுக்குக் கீழே இறங்கினால் அந்த வழி உடைந்துவிடும். குண்டு நடுநிலையிலிருந்து புறப்பட்டு முனைக்குப் போக கால் அலைவு நேரம் எடுக்கிறது. பாதித் தூரத்தைக் கடக்க அதில் பாதி, அதாவது எட்டில் ஒரு பங்கு ஆகும் என்று மனம் சொல்கிறது. வட்டத்தைப் பாருங்கள்: நிழல் பாதி வீச்சை எட்டும்போது குமிழ் 30 பாகை திரும்பியிருக்கிறது, ஏனெனில் 30 பாகையின் சைன் 0.5. 360இல் 30 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. மீதிப் பாதித் தூரத்துக்கு 60 பாகை, அதாவது ஆறில் ஒரு பங்கு. முதல் பாதியைவிட இரண்டாவது பாதிக்கு இருமடங்கு நேரம். அலைவு நேரம் 1.2 விநாடி என்றால் முதல் பாதிக்கு 0.1 விநாடி, அடுத்த பாதிக்கு 0.2 விநாடி. தொலைவிலிருந்து அலைவின் பின்னத்துக்குப் போக வேண்டுமானால் வட்டத்தின் கோணம் வழியாகத்தான் போக வேண்டும்; குறுக்கு வழி கிடையாது.

இதுவரை உராய்வை ஒதுக்கிவிட்டோம். உண்மையான ஊசலின் வீச்சு சிறிது சிறிதாகக் குறைகிறது. தடை மிகச் சிறியதாக இருக்கும்வரை அலைவு நேரம் ஏறத்தாழ மாறாது. ஆகவே நேரத்தை வைத்துப் போடும் எண்ணிக்கைக் கணக்கு அப்படியே நிற்கும். தொலைவை வைத்துப் போடும் கணக்குதான் சரிந்துவிடும். ஒவ்வோர் அலைவிலும் வீச்சு 1 சதவீதம் குறைந்தால், 69 அலைவுகளில் அது பாதியாகிவிடும். அப்போது ஓர் அலைவின் பாதையும் பாதிதான்.

கண்ணால் எண்ணும்போது

ஆய்வகத்தில் நிலைமை தலைகீழ். அங்கே அலைவுகளை எண்ணி அலைவு நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 விநாடி முன்பின்னாகலாம் என்று கொள்வோம். 2 விநாடி ஊசலின் ஓர் அலைவை மட்டும் அளந்தால் 10 சதவீதப் பிழை. 20 அலைவுகளை அளந்து 20ஆல் வகுத்தால் அதே 0.2 விநாடி இருபதாகப் பிரிந்து 0.5 சதவீதமாகச் சுருங்கிவிடும். அதனால்தான் இருபது அலைவுகளை எண்ணச் சொல்கிறார்கள்.

எங்கே நின்று எண்ணுவது என்பதும் முக்கியம். முனையில் எண்ணினால் குழப்பம் இல்லை, ஓர் அலைவுக்கு ஒரு முறைதான் குண்டு அங்கே வரும். ஆனால் அங்கே அது மிக மெதுவாக நகர்கிறது. வீச்சு 10 சென்டிமீட்டர் உள்ள 2 விநாடி ஊசல், முனையை ஒட்டிய கடைசி 1 மில்லிமீட்டருக்குள் போய்த் திரும்ப ஏறக்குறைய 0.09 விநாடி எடுத்துக்கொள்கிறது. நடுநிலையில் அதே 1 மில்லிமீட்டரை 0.003 விநாடியில் கடந்துவிடுகிறது. ‘இப்போது’ என்று சொல்லும் கணம் நடுநிலையில் அவ்வளவு கூர்மையாக இருக்கிறது. ஆகவே ஊசலுக்குப் பின்னால் நடுநிலையில் ஒரு செங்குத்துக் கோடு வரைந்து, குண்டு அதை ஒரே திசையில், எடுத்துக்காட்டாக இடமிருந்து வலமாக, கடக்கும்போது மட்டும் எண்ணுவதே நல்ல முறை. திசையை மறந்தால் எண்ணிக்கை இருமடங்காகும் என்று தொடக்கத்தில் பார்த்தோம்.

கடிகாரத்தை ஓடவிடும் கணத்தில் ‘சுழியம்’ என்று சொல்ல வேண்டும். பலரும் ‘ஒன்று’ என்று தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கி ‘இருபது’ என்று சொல்லும்போது முடிந்திருப்பது 19 அலைவுகளே. அந்த நேரத்தை 20ஆல் வகுத்தால் அலைவு நேரம் 5 சதவீதம் குறைவாக வரும். அதை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால், அங்கே அலைவு நேரம் வர்க்கமாக வருவதால், 9.8க்குப் பதில் 10.86 கிடைக்கும். எவ்வளவு தூய்மையான கருவிகளை வைத்துக்கொண்டாலும் ஒரே ஒரு சொல் இந்தப் பிழையைக் கொண்டுவந்துவிடும்.

எண்ணுவதில் பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமானால் இத்தாலியின் பொலோஞா நகரில் வாழ்ந்த ஜியோவன்னி பத்திஸ்தா ரிச்சோலி என்ற இயேசு சபைப் பாதிரியாரைச் சொல்லலாம். ஓர் ஊசலின் ஆட்டங்களை 24 மணி நேரமும் இடைவிடாமல் எண்ணுவதற்குத் தம் சபைத் தோழர்களை முறைவைத்து உட்காரவைத்தார். இத்தகைய சோதனைகளை 1651இல் நூலாக வெளியிட்டார். இன்று அந்த வேலையைக் கைக்கடிகாரத்தின் மின்சுற்று செய்கிறது. அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண் 2ஐப் பதினைந்து முறை பெருக்கி வருவது. ஆகவே பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். விநாடி என்பதன் வரையறையே 1967 முதல் ஓர் எண்ணிக்கைதான்: சீசியம்-133 அணு உமிழும் குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகளுக்கு ஆகும் நேரம்.

அலைவுகளை எண்ணி வேறொன்றை அறியும் கலைக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேன் தீவுக்குப் போனபோது, அவருடைய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. விநாடி ஊசலின் கணக்கில் அது நாளுக்கு 75 அலைவுகள் குறைவு. ஈர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதற்கும், பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதற்கும் கிடைத்த முதல் தடயங்களில் அது ஒன்று.

1973இல் விண்ணில் ஏவப்பட்ட ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தில் இதே கணக்கு மனிதர்களை நிறுக்கப் பயன்பட்டது. அங்கே எடை இல்லாததால் தராசு பயன்படாது. சுருள்வில்லோடு இணைத்த இருக்கையில் விண்வெளி வீரரை உட்காரவைத்து முன்னும் பின்னும் ஆடவிட்டு, அலைவு நேரத்திலிருந்து நிறையைக் கணக்கிட்டார்கள். எண்களை நாமே வைத்துப் பார்ப்போம். சுருள்மாறிலி மீட்டருக்கு 1,000 நியூட்டன், இருக்கையின் நிறை 20 கிலோகிராம், 20 அலைவுகளுக்கு 36 விநாடி. அலைவு நேரம் 1.8 விநாடி. அதன் வர்க்கம் 3.24. அதைச் சுருள்மாறிலியால் பெருக்கி, 6.2832இன் வர்க்கமான 39.48ஆல் வகுத்தால் 82.07 கிலோகிராம். இருக்கையைக் கழித்தால் ஆளின் நிறை 62.07. கடிகாரத்தை ஓடவிட்டவர் சுழியத்துக்குப் பதில் ‘ஒன்று’ என்று தொடங்கியிருந்தால், ‘இருபது’ என்று சொல்லும்போது 34.2 விநாடி ஆகியிருக்கும். அலைவு நேரம் 1.71 என்று வரும்; ஆளின் நிறை 54.07 கிலோகிராமாகிவிடும். எண்ணாமல் விட்ட அந்த ஓர் அலைவின் நிறை 8 கிலோகிராம்.